ஆற்றங்கரைக் கட்டடத்தைக் காப்பாற்றினோம்

போராட்டத் தொழிலில் சம்பளம் கிடையாது, ஓய்வு கிடையாது, நன்றி சொல்ல ஆளும் கிடையாது. வெயில் மட்டும் தாராளமாகக் கிடைக்கும். மனு எழுதியே விரல் தேய்ந்த உங்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. காவிரிக் கரையில் இருக்கும் எங்கள் ஊரில், வெள்ளைக்காரன் காலத்து நகராட்சிக் கட்டடத்தை இடித்து, கரையை அழகுபடுத்துகிறோம் என்று நடைபாதையும் நீரூற்றும் கட்டக் கிளம்பினார்கள். ஆறு ஓடுகிற இடத்தில் நீரூற்று எதற்கு என்று கேட்ட முதல் ஆள் நான்தான். இரண்டாவது ஆள் தையல்காரர் பழனிச்சாமி. மூன்றாவது ஆள் இல்லை.

எட்டுப் பக்கம்

கட்டடத்தின் வரலாற்றை எட்டுப் பக்கத் துண்டறிக்கையாக எழுதினேன். உத்தரத்துக்குத் தேக்கு எந்த மலையிலிருந்து வந்தது, சுண்ணாம்போடு கடுக்காயை எப்படி அரைத்தார்கள், எந்த வாசலில் நின்று வரியைக் குறைக்கச் சொன்னோம், எல்லாம் அதில் உண்டு. பேருந்து நிலையத்தில் கொடுத்தபோது வாங்கியவர்கள் விசிறிக்கொண்டார்கள். சங்ககிரி லாரி டிரைவர் ஒருவர் மட்டும் டீ ஆறிப்போகும்வரை ஒரு வரி விடாமல் படித்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "நல்லா எழுதியிருக்கறீங்க. அந்தக் கட்டடத்துல கக்கூஸ் இருக்குதுங்களா?"

அத்தாட்சி

கட்டடம் பழையது என்பதற்கு அத்தாட்சி கேட்டார் நகராட்சி இன்ஜினியர். திறப்புவிழாக் கல் எப்போதோ பெயர்ந்து காணாமல் போயிருந்தது. தேடித் தேடிக் கடைசியில் படித்துறையில் கண்டுபிடித்தோம். பாவாயி அக்கா அதன்மேல் துணி துவைத்துக்கொண்டிருந்தார். வரலாற்றை இப்படிப் போட்டு அடிக்கலாமா என்று ஐந்து நிமிடம் பேசினேன். அதற்குள் ஒரு போர்வையை முடித்துவிட்டார். வேறு கருங்கல் வாங்கிப் போட்ட பிறகுதான் இதைத் தந்தார். எழுத்துள்ள பக்கத்தையாவது கீழே திருப்பிப் போட்டிருக்கக் கூடாதா என்று கேட்டேன். "அந்தப் பக்கந்தானுங்க சாமி அழுக்கு நல்லாப் போவுது."

உண்ணாவிரதம்

இடிக்கிற நாளில், கல்லையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலை மறித்து உண்ணாவிரதம் உட்கார்ந்தோம். பழனிச்சாமிக்குச் சர்க்கரை. அதனால் காலைப் பலகாரத்துக்குப் பின், மதியச் சாப்பாட்டுக்கு முன் என்று வரையறை செய்திருந்தோம். பத்து மணிக்கு ஜேசிபி வந்தது. அந்த இரும்புக் கை சுவரைத் தொட்டால் எல்லாம் முடிந்தது. நான் அதன் முன்னால் போய்ப் படுத்தேன். ஓட்டி வந்தவன் பழனிச்சாமியின் அக்கா மகன். வண்டியை எங்கள்மேல் நிழல் விழும்படி திருப்பி நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். "இன்ஜினியர் வர்ற வரைக்கும் நெழல்ல பட்டினி கெடங்க மாமா. அவரு வந்ததும் அந்தண்ட தள்ளிப் படுத்துக்கலாம்."

ஒரு வரி

இன்ஜினியரோடு நகராட்சித் தலைவரும் வந்தார். துண்டறிக்கையை நீட்டினேன். வாங்கிக் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார். பிறகு கல்லைப் பார்த்தார். துவைத்துத் துவைத்துக் கவர்னர் பெயர், கலெக்டர் பெயர், வருடம் எல்லாம் தேய்ந்து, அடியில் ஒரே வரி மிச்சம் இருந்தது: கட்டடத்துக்குச் செங்கல் கொடுத்தவர் பெயர். தலைவர் குத்தவைத்து உட்கார்ந்து அதை விரலால் தடவினார். எழுந்து, வண்டியைத் திருப்பச் சொன்னார். என் எட்டுப் பக்கத்துக்கு அசையாத மனிதர். இன்ஜினியர் விழித்தார். தலைவர் சொன்னார்: "எங்க தாத்தா பேருங்க இது. இன்னைக்கு நான் இத இடிச்சா, நாளைக்கு எம்பேரு போட்ட கல்ல எவன் உட்டுவெப்பான்?"

பாதுகாப்பு

கட்டடம் பிழைத்தது. வெள்ளையடித்து, விளக்குப் போட்டு, சுற்றி வேலியும் போட்டார்கள். நீரூற்றை மட்டும் விடவில்லை. அதை எதிர்த்துக் கோஷம் போட, முப்பது வருடமாக நின்ற அதே வாசலில் போய் நின்றேன். 'பாதுகாக்கப்பட்ட கட்டடம். கூட்டம், கோஷம் கூடாது' என்று பலகை. காவலுக்கு இருந்த போலீஸ்காரர் மரியாதையாகத் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார். "கோவிச்சுக்காதீங்கண்ணா. நீங்க மட்டும் இதக் காப்பாத்தாம உட்டிருந்தா, இந்நேரம் காலி எடத்துல தாராளமா நின்னு கத்தியிருக்கலாம்."

முப்பது வருடத்தில் நான் ஜெயித்த ஒரே போராட்டம் இது; அன்று முதல், நின்று கத்த ஓர் இடம் தேடி ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.