லூர்தம்மாளின் ஒடுங்கிய வண்டி

வியாழக்கிழமை வெயில் ஏறிக்கொண்டிருந்த வேளையில் மாயவன் எங்கள் பாகூர் வைத்தியசாலை வாசலில் வந்து நின்றார். பக்கத்தில் அவருடைய எருமைக்கடா நின்றது. வண்டி இல்லை. நான் அங்கே கம்பவுண்டர். அன்று விடியும்போது அவரையும் எருமையையும், வண்டிக்குள் படுத்திருந்த எங்கள் நர்ஸம்மாவையும் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவன் நான். அதற்குள் போய்த் திரும்ப முடியாது என்று எனக்குத் தெரியும்.

"வண்டி எங்கே?" என்றேன். கேட்கவேண்டிய கேள்வி அதுவல்ல.

"கிருமாம்பாக்கத்துக்கு இப்பாலயே நிக்குது, கம்பவுண்டரய்யா. அம்மா பூட்டாங்க."

கிருமாம்பாக்கத்துக்கு இப்பால் என்றால், கடலூர் போகும் கப்பி ரோட்டைக்கூட அவர்கள் தொடவில்லை. பிறந்த ஊரை விட்டு வந்து இந்தப் பிரெஞ்சுக் கொம்யூனின் சேற்றிலும் வரப்பிலும் அலைந்த ஒருவரை, இங்கிருந்து கடலூர் ரோடுவரை கொண்டுபோய்ச் சேர்க்க எங்களால் முடியவில்லை. புதுவையில் உட்கார்ந்து இதைப் படிப்பவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்காது. தெரிந்தவர்கள் படிக்கத் தெரியாதவர்கள். ஆகவே எழுதுகிறேன்.

நர்ஸம்மா லூர்தம்மாள் அவர்கள் வில்லியனூருக்கு அந்தப்பக்கத்துச் சேரி ஒன்றில் பிறந்தவர். சிறு வயதிலேயே கணவரை இழந்தார். கன்னியாஸ்திரீகளிடம் படித்து, ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் பழகி, பாகூர் கொம்யூனுக்கு மருத்துவச்சியாக வந்தார். அவர் வந்த அன்று கொம்யூன் ஆபீஸான மேரியில் மாலை போட்டு வரவேற்றார்கள். வாடகைக்கு வீடு என்று கேட்டதும் ஊரில் ஒரு வீடும் காலியாக இல்லாமல் போயிற்று. வைத்தியசாலையின் பின்கட்டில், பஞ்சுப் பெட்டிகள் அடுக்கியிருந்த அறையில் அவர் படுத்துக்கொண்டார். "பஞ்சு மெத்தைதான், தம்பி. இன்னா கொறச்சல்?" என்றார்.

வந்த முதல் மழைக்காலத்தில் கரியமாணிக்கம் சேரியிலிருந்து ஒரு பெண்ணைக் கட்டிலில் வைத்துத் தூக்கிவந்தார்கள். வரப்பு ஒரு ஆள் நடக்கும் அகலம். தூக்கியவர்கள் இருபக்கமும் சேற்றில் இறங்கி நடந்தார்கள். நர்ஸம்மா எதிரே ஓடிப் பாதிவழியில் அவர்களைப் பிடித்தார். அங்கே கட்டிலை இறக்கி வைக்கச் சமமான தரை இல்லை. வெந்நீர் இல்லை, மறைப்பு இல்லை, மழை நிற்கவில்லை. அந்தப் பெண் வரப்பிலேயே இறந்தாள். பிள்ளையும்தான்.

நனைந்த சேலையோடு திரும்பி வந்து அவர் என்னிடம் சொன்னது இது: "அவ புருஷன் கேட்டான் தம்பி, இப்ப எங்கம்மா எறக்கறதுன்னு. எங்கிட்ட பதில் இல்ல. எறக்க ஒரு எடம் வேணும். அந்த எடம் என்கூடவே வரணும்."

அதற்குப் பிறகுதான் வண்டிப் பேச்சு வந்தது. எதைக் கொண்டு வாங்கினார் என்று நான் கேட்கவில்லை. கையில் இருந்த வளையல்களை அதன்பின் நான் பார்க்கவில்லை.

வில்லியனூரில் ஒரு வக்கீல் வீட்டு வில்வண்டி விலைக்கு வந்திருந்தது. கூண்டில் கிளியும் கொடியும் எழுதி, உள்ளே மெத்தை போட்டு, பார்க்க அழகாக இருந்தது. நான் அதைத்தான் வாங்கச் சொன்னேன். நர்ஸம்மா கூண்டைப் பார்க்கவே இல்லை. குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தார். "வயிறு தொங்குது. வரப்புல ஏறினா இடிக்கும். சக்கரம் பாரு, கத்தி மாதிரி. சேத்துல எறங்கினா ஏறாது" என்று எழுந்துவிட்டார்.

அவர் வாங்கியது நல்லவாடு மீனவக் குப்பத்தில், மணலில் மீன் ஏற்றி இழுத்த ஒரு சின்ன வண்டி. கூண்டு கிடையாது, வில் கிடையாது. ஆனால் சக்கரத்தின் பட்டை உள்ளங்கையை விரித்தாற்போல அகலம். மணலில் புதையாதது சேற்றிலும் புதையாது என்பது அவர் கணக்கு. அடிப்பலகை உயரத்தில் இருந்தது. விற்ற மீன்காரர் தலையைச் சொறிந்தார்.

"நர்ஸுக்கு இன்னாத்துக்கும்மா மீன்வண்டி? எத்தினி வாட்டி கழுவினாலும் நாத்தம் போவாது."

"நான் பாத்த நாத்தத்துக்கு இது சாம்பிராணிப்பா" என்றார் நர்ஸம்மா.

அதை வில்லியனூர் தச்சர் தணிகாசலம் ஆசாரியிடம் இழுத்துப்போனோம். ஆசாரி பட்டறையில் நர்ஸம்மா நாளெல்லாம் உட்கார்ந்திருந்தார். ஒரு பெண் நீட்டிப் படுக்கும் நீளத்துக்குப் பலகை. அதன் கால்மாட்டை மடக்கினால் மருத்துவச்சி நிற்க இடம் கிடைக்கும். மேலே கிழிந்த படகுப் பாயைத் தைத்துத் தார் பூசிய கூண்டு. அதன் ஒரு பக்கத்தைத் தூக்கி மூங்கிலில் கட்டினால் ஒரு பந்தல் நிழல். பின்பக்கம் தகரப் பெட்டிக்குள் அடுப்பும் செப்புக் குடமும். நான்கு மூலையிலும் மடக்கி இறக்கும் முட்டுக்கால்கள், ஒவ்வொன்றிலும் துளைகள். மேடு பள்ளம் எதுவானாலும் ஆணியை மாற்றிக் குத்திவிட்டால் பலகை சமமாக நிற்கும். அந்தச் சமத்தில் அவருக்குப் பிடிவாதம். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் பலகைமேல் வைத்துப் பார்ப்பார். தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கினால் ஆசாரியை மறுபடி அழைப்பார். ஏர்க்காலை எடுத்துவிட்டு, ஒற்றை மாடு நிற்க இரண்டு கைமரம் வைத்தார். சேரியில் ஜோடி மாடு யாரிடமும் இல்லை. மாயவனிடம் ஒரு எருமைக்கடா இருந்தது.

கடைசியாக அவர் கேட்டது ஆசாரிக்குப் பிடிக்கவில்லை. சேரிச் சந்துக்குள்ளும் பெரிய வரப்பின் மேலும் போகவேண்டும், அதனால் அச்சை வெட்டிச் சக்கரங்களை நெருக்கி வைக்கச் சொன்னார்.

"அம்மா, ஊர் வண்டியெல்லாம் ஒரே அகலம். ரோட்டுல தடம் அந்த அகலத்துக்குத்தான் விழுந்திருக்குது. உன் வண்டி ரோட்டுக்கு வந்தா ஒரு சக்கரம் பள்ளத்துல, ஒரு சக்கரம் மேட்டுல. சாஞ்சிக்கினே போவும்."

"ரோட்டுல போறவங்களுக்கு வண்டி இருக்குது, ஆசாரியாரே. எனக்கு ரோடு இல்லாத எடத்துலதான் வேலை."

ஆசாரி அச்சை வெட்டினார்.

பிறகு வந்த வருஷங்களில் அந்த வண்டி போகாத சேரி இந்தப் பக்கத்தில் இல்லை. மாசமான பெண் இருக்கும் இடத்துக்கு முன்கூட்டியே போய், சேரி ஓரத்தில் பனைக்கடியில் முட்டுக்கால் இறக்கி, பந்தல் தூக்கி, கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டு அங்கேயே தங்குவார். ஊருக்குள் தங்க இடம் கொடுக்கமாட்டார்கள். சேரிக் குடிசையில் இருப்பவர்களுக்கே இடம் போதாது. வண்டியே வீடு. வழியில் இங்கிலீஷ்காரன் எல்லை குறுக்கிடும் இடத்தில் சுங்கச் சேவகன் ஒருமுறை நிறுத்தினானாம்.

"உள்ள இன்னா சரக்கு?"

"தெரியலப்பா. ஆணா பொண்ணான்னு இன்னும் சொல்லல. கொஞ்சம் நில்லு, சொல்றேன்."

உள்ளேயிருந்து வந்த கூச்சலைக் கேட்டு அவன் தானே தடுப்பு மரத்தைத் தூக்கிவிட்டானாம். இதைச் சொல்லும்போது மட்டும் நர்ஸம்மா வாய்விட்டுச் சிரிப்பார்.

ஊரார் அதைக் கருவாட்டு வண்டி என்றார்கள். பிறகு தீட்டு வண்டி என்றார்கள். பிரசவம் நடந்த வண்டி, அதுவும் சேரிப் பிரசவம் நடந்த வண்டி. ஏரிக்கரையில் அது எதிரே வந்தால் பண்ணை ஆட்கள் தங்கள் மாட்டின் முகத்தைத் திருப்பிப் பிடிப்பார்கள். மாட்டுக்கும் தீட்டு ஒட்டும் என்று நினைக்கிற ஊர் இது. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

ஒரு ஐப்பசியில் ஏரி நிரம்பி வழிந்து பாதையெல்லாம் அறுத்துக்கொண்டு போனபோது, இந்த வட்டாரத்துப் பெரிய பண்ணைக்காரரின் மருமகளுக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அவர்களுடைய வில்வண்டி தெருமுனையிலேயே அச்சுவரை புதைந்தது. அன்று அந்த அம்மாளைத் தீட்டு வண்டியில்தான் ஏற்றினார்கள். கரும்புக் கொல்லையை ஒட்டி மேட்டில் முட்டுக்கால் இறக்கி, கொட்டும் மழையில், நர்ஸம்மா பிள்ளையைத் திருப்பி எடுத்தார். இரண்டு உயிரும் பிழைத்தன. பண்ணை வீட்டார் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துத் தலைமுழுக்காட்டித் தீட்டுக் கழித்தார்கள். நர்ஸம்மாவுக்கு வாசற்படிக்கு வெளியே வைத்து ஒரு சேலை கொடுத்தார்கள். "நல்ல சேலை. கிழிச்சா நெறைய துணி வரும்" என்று அன்றே பிள்ளைத் துணியாகக் கிழித்துவிட்டார்.

இந்த மாசியில் கரியமாணிக்கத்தில் ஒரு பிரசவம். கத்தரி விரலில் பட்டுவிட்டது. சின்னக் கீறல். தாய்க்குக் காய்ச்சல் இருந்ததால் அதன் நஞ்சு இவர் கையில் ஏறிற்று. விரல், மணிக்கட்டு, முழங்கை என்று வீங்கிச் சிவந்தது. "அக்குளுக்கு வந்துட்டா முடிஞ்சுது தம்பி. அதுக்கு முன்ன புதுச்சேரிக்குப் போவணும். கைய எடுத்தாலும் எடுக்கட்டும்" என்றார். பிறருடைய நோயைப் பேசுகிற குரலிலேயே அதைப் பேசினார்.

புதன்கிழமை மாலை நான் பண்ணைக்காரர் வீட்டுக்குப் போனேன். வில்வண்டி முற்றத்தில் நின்றது. சக்கரத்துக்கு மஞ்சள் பூசியிருந்தார்கள்.

"நல்ல பொம்பள, பாவம்" என்றார் அவர். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். "ஆனா இது மாசி மகத்துக்குச் சாமியோட கடலுக்குப் போற வண்டியாச்சேப்பா. கழுவி வெச்சிருக்கறோம். நோவாளிய ஏத்தினா சரிப்படுமா?"

"மாடாவது கொடுங்கள். வண்டி வேறெங்காவது பார்க்கிறேன்."

"மாடெல்லாம் கரும்புல இருக்குது. இன்னா செய்யச் சொல்றே?"

அவருடைய பேரன் அப்போது முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தான். குறுக்கே கிடந்து பிறந்தவன்.

தூக்கிப்போக ஆள் தேடினேன். சேரி ஆட்கள் எல்லாரும் கரும்பு வெட்டில். விட்டு வந்தால் மறுநாள் வேலை இல்லை. ஆகவே விடியற்காலையில் நர்ஸம்மாவை அவர் வண்டியிலேயே ஏற்றினோம். சந்துக்கும் வரப்புக்கும் என்று ஒடுக்கிச் செய்த வண்டியைப் பெரிய பாதையில் இறக்கினோம். வேறு வழி இருந்திருந்தால் அதைச் செய்திருக்கமாட்டோம்.

இனி மாயவன் சொன்னது. கரும்பு வண்டிகள் மாசம் முழுக்க ஓடி, பாதையில் தடம் முழங்கால் ஆழம் விழுந்திருந்தது. ஆசாரி சொன்னபடியே ஒரு சக்கரம் பள்ளத்தில், ஒரு சக்கரம் மேட்டில். வண்டி ஒருக்களித்தே போனது. உள்ளே வீங்கிய கை பலகையில் மோதிக்கொண்டே இருந்தது. பின்னால் ஏற்றிய கரும்பு வண்டிகள் வரிசை கட்டிவிட்டன.

"ஒதுங்குடா, கருவாடு. ஆலைக்கு நேரமாவுது."

"எங்கடா ஒதுங்கறது? நீங்கதான் தடத்த விட்டுக் கொஞ்சம் எறங்கிப் போங்களேன். உள்ள நர்ஸம்மா கீறாங்க."

"பாரவண்டி தடத்த விட்டு எறங்குமாடா? எருமைய வெச்சிக்கினு எங்களுக்குப் புத்தி சொல்றியா?"

உள்ளேயிருந்து நர்ஸம்மா சொன்னாராம்: "சண்டை வாணாம், மாயவா. வயல்ல எறக்கு. நம்ம வண்டி அங்கதான் நல்லா ஓடும்."

அது உண்மை. அந்த வயலில் இறங்கிக் குறுக்கே போனால் கப்பி ரோடு எட்டிவிடும் தூரம்தான். மாயவன் எருமையைத் திருப்பினார். பண்ணைக் காவல்காரன் தடியோடு வந்து குறுக்கே நின்றான். நவரை நெல் நட்டுச் சில நாள்தான் ஆகிறது, ஒரு நாற்று சாய்ந்தாலும் எசமானுக்கு நான்தான் பதில் சொல்லவேண்டும் என்றான். மாயவன் அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அவன் நகரவில்லை. எருமையின் மூக்கில் அடித்தான். எருமை பின்வாங்கி, பள்ளத்தில் இருந்த சக்கரம் இன்னும் இறங்கி, அச்சு முறிந்தது. நெருக்கி வைப்பதற்காக வெட்டிச் சேர்த்த இடத்திலேயே முறிந்தது.

மாயவனும், களையெடுக்க வந்த இரண்டு பெண்களும் வண்டியைத் தூக்கிப் பாதையோரத்தில் வைத்தார்கள். நர்ஸம்மாவுக்கு அப்போது பேச்சு தெளிவாகவே இருந்ததாம்.

"ஆசாரி சொன்னாரு. தடத்துல ஓடாதுன்னு" என்றாராம். பிறகு, "முட்டுக்கால எறக்கு மாயவா. சமமா வை."

மாயவன் நான்கு மூலையிலும் ஆணி மாற்றிக் குத்தினார். நர்ஸம்மாவின் வழக்கப்படி கிண்ணத்தில் தண்ணீர் வைத்துப் பார்த்தார். தண்ணீர் அசையாமல் நின்றது. அதைப் பார்த்துவிட்டுத்தான் நர்ஸம்மா கண்ணை மூடினாராம். திறக்கவில்லை.

சேரிப் பெண்கள் தோள்கொடுத்துத் தூக்கிப்போய்க் கல்லறையில் வைத்தார்கள். அன்று கரும்பு வெட்டுக்கு ஒரு பெண்ணும் போகவில்லை. அதற்கான தண்டனை இனிமேல்தான் வரும். அவருடைய இடத்துக்கு யாரை அனுப்புவார்கள் என்று மேரியில் கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள். கரியமாணிக்கம் சேரியில் இரண்டு பெண்கள் நிறைமாசமாக இருக்கிறார்கள். அவர்களை எங்கே இறக்குவது என்று யாராவது வந்து கேட்டால், என்னிடமும் பதில் இல்லை.

நேற்று அந்த இடத்துக்குப் போனேன். வண்டி பாதையோரத்தில், தன் நான்கு காலில், சமமாக நின்றுகொண்டிருக்கிறது. பிரசவத் தீட்டோடு இப்போது சாவுத் தீட்டும் சேர்ந்துவிட்டதால் அதை யாரும் தொடுவதில்லை. அதன் பக்கத்தில் போகவும் பயம். கரும்பு வண்டிகள் அந்த இடம் வந்ததும் தடத்தை விட்டு இறங்குகின்றன. முழுப் பாரத்தோடு, ஒன்றன்பின் ஒன்றாக, எதிர்ப்பக்கத்து அதே நவரை வயலில் இறங்கி, சுற்றிக்கொண்டு மறுபடி ஏறுகின்றன. அதே காவல்காரன் தடியை ஊன்றி நின்று வழிகாட்டுகிறான். நாற்று மசிந்து சேறாகி, ஊர் வண்டிகளின் அகலத்துக்கு அங்கே புதுத் தடம் விழுந்திருக்கிறது.

போய் வாருங்கள், நர்ஸம்மா. நீங்கள் கேட்டபோது கொடுக்காத வழி அது.