அக்கா புதிதாகப் பழகியது

சம்பூரில் கட்டிக்கொடுத்த என் அக்கா, பிள்ளை வயிற்றிலேயே இறந்த பிறகு, சுவரைப் பார்த்தபடி இருக்கத் தொடங்கினாள். அத்தான் அவளை மூதூரிலிருந்து லோஞ்சில் குடாவைக் கடந்து கூட்டி வந்து, துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த எங்கள் வீட்டில் விட்டார். வயலையும் மாடுகளையும் விட்டுவிட்டு அவரால் நிற்க ஏலாது. "சுகமானதும் வந்து கூட்டிக்கொண்டு போறன்" என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒரு குளிசை எழுதினார். "போட்ட உடனே சிரிப்பு வரும் எண்டு நினைக்காதேங்கோ. கவலையில இறுகிப்போன மூளையை இது மெல்ல மெல்ல இளக்கும். நரம்புகள் புதுசாத் தொடுப்புப் போடும். இளகின மூளை எதையும் பழகும். நீங்கள்தான் நல்லதாப் பாத்துப் பழக்கவேணும்" என்றார்.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை சைக்கிள் ஓடுவது. பின்னேரங்களில் அக்காவைக் கடற்கரை வீதிக்கு இழுத்துக்கொண்டு போனேன். முதலில் மரக்கட்டை மாதிரி இருந்தாள். சில கிழமைகளில் அவளுக்குக் கோபம் வந்தது. கோபமாவது வந்ததே என்று எனக்குச் சந்தோஷம். ஒருநாள் சைக்கிளைப் பிடித்திருந்த கையை விட்டேன். அவள் தனியே சைக்கிளை ஓடிக்கொண்டு போனாள். பின்னால் ஓடிய நான் பாவாடை தடுக்கி விழுந்தேன். திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"உனக்கு நடக்கவே தெரியேல்லை, எனக்குச் சைக்கிள் பழக்கிறியோ! அத்தான் லோஞ்சால இறங்கட்டும், நான் பின்னால ஏத்திக்கொண்டு வாறன்."

அந்த மாதம்தான் சண்டை மூண்டது. லோஞ்ச் நின்றது. துறைமுகப் பக்கமிருந்து குடாவுக்கு மேலால் சம்பூருக்குப் பீரங்கி ஷெல் போனது. வீதியில் இறங்கப் பயம். சைக்கிள் குசினிச் சுவரில் சாய்ந்து கிடந்தது. குளிசையை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

அக்கா கெட்டிக்காரி. சும்மா இருக்கவில்லை. ஷெல் புறப்படும் சத்தம் கேட்டதும் கதிரையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பாள். அக்கரையில் விழுந்ததும், "வயல் பக்கம்" என்பாள். இன்னொன்றுக்கு, "இது குளத்தடி."

"வாயை மூடுங்கோ அக்கா! உங்களுக்கு என்னெண்டு தெரியும்?"

"என்ர ஊர் எனக்குத் தெரியாதோ?"

அந்த டொக்டரை மனதுக்குள் ஏசாத நாளில்லை. பாவம், அவரில் என்ன பிழை? பழக்குவதற்கு எங்களிடம் அந்தச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

ஒரு காலை, ஷெல் விழுந்த பிறகும் அக்கா பேசாமல் இருந்தாள்.

"எங்க விழுந்தது, அக்கா?" என்று நான்தான் கேட்டேன்.

"எங்கட வீட்டடி" என்றாள். பிறகு வாய்விட்டு அழுதாள்.

அத்தான் இல்லை என்ற சேதி, இடம்பெயர்ந்து வந்தவர்கள் சொல்லி, வெகுநாள் கழித்துத்தான் வந்தது. வீடே ஒப்பாரி வைத்தது. அக்கா எழும்பிக் குசினிக்குள் போய், எங்கள் எல்லாருக்கும் தேத்தண்ணி வைத்தாள்.