மெர்காடோவின் சனிக்கிழமை முத்திரை

மெர்காடோ பிஜெரானோ எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது கக்குவான் இருமலில் சாகக் கிடந்தார். மரண தூதனை ஏமாற்ற எங்கள் யூதர்களிடம் ஒரு வழி உண்டு. பெற்றவள் பிள்ளையை அடுத்த வீட்டுக்காரிக்கு மூன்று முட்டைக்கு விற்றுவிட்டாள். தூதன் வந்து பழைய விலாசத்தில் தேடிவிட்டுப் போயிருக்க வேண்டும். பிள்ளை பிழைத்தது; 'விலைபோனவன்' என்று பொருள்படும் மெர்காடோ என்ற பெயரும் நிலைத்தது. அரசாங்கத்தோடு பழகுகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது என்று பிற்காலத்தில் அவரே சொல்வார்.

வெலிஷ்கா கடைத்தெருவில் அவருக்கு இரும்புக் கடை. லாடம், ஆணி, தாழ்ப்பாள், கடப்பாரை எல்லாம் கிடைக்கும். எதிர்வரிசையில் என் நூல் கடை. முப்பது வருஷம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பார்க்க வேறு எதுவும் இல்லை.

அப்போதுதான் துருக்கி சுல்தானின் புதுச் சட்டம் வந்தது. எல்லா மதத்தாரும் சமம். ஒவ்வொரு மதத்திலிருந்தும் ஒருவர் ஊர்ச் சபையில் உட்காரலாம். ஊரை ஆண்ட கைமகாம் தஹ்சின் எஃபெண்டி எங்களுக்கு ஆள் அனுப்பினார். மரியாதைக்குரியவராக, சொந்தக் கடை உள்ளவராக, அதிகம் பேசாதவராக ஒரு யூதர் வேண்டுமாம். எங்கள் பெரியவர்கள் மூன்று நாள் சண்டை போட்டார்கள். மூன்றாம் நாள் ஜலதோஷத்தால் மெர்காடோ வரவில்லை. ஏகமனதாக அவரைத் தேர்ந்தெடுத்தோம்.

துருக்கி எழுத்தில் பெயர் செதுக்கிய பித்தளை முத்திரை ஒன்றை அவர் கையில் கொடுத்தார்கள். அவருக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது. அதில் இருப்பது உங்கள் பெயர்தான் என்றார்கள், நம்பினார்.

சபை கூடும் நாள் சனிக்கிழமை என்று தீர்மானமாயிற்று. வெள்ளி முஸ்லிம்களுக்குத் தொழுகை, ஞாயிறு கிறிஸ்தவர்களுக்குக் கோவில். மிச்சமிருந்த ஐந்து நாட்களையும் நன்றாக அலசிப் பார்த்துத்தான் எங்கள் ஓய்வுநாளைப் பிடித்திருக்கிறார்கள். மெர்காடோ சபை எழுத்தர் ரெஃபெத் எஃபெண்டியிடம் போனார்.

"சனிக்கிழமை நாங்க பேனா தொட மாட்டோம், முத்திரையும் குத்த மாட்டோம். உங்களுக்குத் தெரியாததா எஃபெண்டி?"

"தெரியுமே செலெபி," என்றார், எங்கள் பெரியவர்களை அழைக்கும் மரியாதைச் சொல்லோடு. "உங்களை யாரு தொடச் சொன்னது? நீங்க வரவேண்டாம். முத்திரை வந்தாப் போதும்."

இது பாவமா இல்லையா என்று எங்கள் மதகுரு ஹாகாம் பென்சியோனிடம் மெர்காடோ கேட்டார். அவர் இரண்டு நாள் புத்தகங்களைப் புரட்டிவிட்டு வழி சொன்னார். எனக்காகக் குத்து என்று எழுத்தரிடம் கேட்பது பாவம். ஆனால் வெள்ளிக்கிழமை அவர் அறைப் பக்கம் போனவர் முத்திரையை ஜன்னல் விளிம்பில் மறந்துவைத்துவிட்டால், அதை வைத்து மறுநாள் எழுத்தர் என்ன செய்கிறார் என்பது எழுத்தரின் பாடு. அதன்படி மூன்று வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை தவறாமல் மெர்காடோ ஞாபகமாக மறந்தார். ஞாயிறு காலை போய் எடுத்துவந்து, ஒட்டியிருந்த மையை வினிகர் தொட்டுத் துடைத்து வைப்பார்.

பதவியால் லாபம் இல்லாமல் இல்லை. முன்பெல்லாம் காவல்காரன் கேட்காமல் ஆணி எடுத்துப்போவான். இப்போது கேட்டுவிட்டு எடுத்துப்போனான். அவர் மனைவி புலிசாவுக்கு மட்டும் இது சிரிப்பாக இருந்தது. சனிக்கிழமை மதியம், இரவெல்லாம் வெங்காயத் தோலோடு வெந்து பழுப்பேறிய முட்டையை உரித்துக்கொண்டே கேட்பாள்: "இந்நேரம் சபையில என்ன தீர்மானம் போட்டுக்கிட்டிருக்கீங்க?"

"நல்லதாத்தான் இருக்கும்," என்பார் மெர்காடோ, முட்டைக்கு உப்பைத் தேடியபடி.

மூன்றாம் வருஷம் வசந்தத்தில் ஒரு செய்தி வந்தது. மாகாண ஆளுநர் கோச்சு வண்டியில் வெலிஷ்காவுக்கு வரப்போகிறாராம். எங்கள் கடைத்தெரு வளைந்து வளைந்து போகும். வளைந்த தெருவில் பெரிய மனிதர் வந்தால் தன் பதவி போய்விடும் என்று தஹ்சின் எஃபெண்டி பயந்தார். ஒரு திங்கட்கிழமை காலை, பன்னிரண்டு கூலியாட்கள் கடப்பாரையோடு வந்து நின்றார்கள். மெர்காடோவின் வரிசையில் இருந்த ஒன்பது கடைகளையும் முன்னாலிருந்து நான்கு முழம் இடிக்க உத்தரவு. என் வரிசை தப்பியது. முஸ்லிம் மதத்தலைவரான முஃப்தியின் மைத்துனர் கடை என் வரிசையில் இருந்தது. நேர்கோடு அதைத் தெரிந்துகொண்டு விலகி நடந்தது.

மெர்காடோ வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "நான் சபை உறுப்பினர். இப்படி ஒரு உத்தரவு வரவே இல்லையே," என்றார். ரெஃபெத் எஃபெண்டி காகிதத்தை விரித்துக் காட்டினார். கீழே ஐந்து முத்திரைகள். அதில் மிகத் தெளிவாக விழுந்திருந்தது மெர்காடோவுடையதுதான், வாராவாரம் துடைத்ததன் பலன்.

கடப்பாரைகள் அவர் கடையிலேயே வாங்கியவை. தரமான சரக்கு, மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் வரை அவர் செங்கல் குவியல்மேல் உட்கார்ந்திருந்ததை நான் என் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். போய்ப் பேசவில்லை. கடை முழுசாக இருக்கிறவன் என்ன ஆறுதல் சொல்ல முடியும்? பக்கத்துக் கடைக்காரன், செம்புப் பாத்திரம் செய்யும் ஷெமாயா கோன்ஃபினோ, அவர் காலடியில் துப்பிவிட்டுப் போனான். புலிசா துணியில் சுற்றிய கீரை அடையோடு வந்தாள்.

"கடையை இடிக்கச் சொன்னது நீங்க. சாப்பிடுறதுக்கும் உத்தரவு வரணுமா?" என்றாள்.

அவர் அடையை வாங்கி இரண்டாகப் பிய்த்தார். வாயருகே கொண்டுபோகவில்லை. புலிசாவும் அதே குவியலில் உட்கார்ந்துகொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை தொழுகைக்கூடத்தில் அவர் பெஞ்சில் அவரைத் தவிர யாரும் உட்காரவில்லை. ஆளுநரும் வரவில்லை, மழை என்று வேறு வழியாகப் போய்விட்டார். நேரான தெருவில் ஆடுகள் போய்வந்தன. கடை இடிபட்டவர்கள் மாகாணத் தலைநகருக்கு மனு எழுதினார்கள். மற்ற எட்டுப் பேரும் மெர்காடோவின் பெயரைச் சேர்க்க மறுத்தார்கள். அவரே போய் எல்லோர் பெயருக்கும் மேலே தன் பெயரை எழுதிவிட்டு வந்தார்.

இரண்டு மாதம் கழித்து நாஷித் பே என்ற விசாரணை அதிகாரி வந்தார். சபைக் கூடத்தில் விசாரணை. எங்கள் ஹாகாம் முன்வரிசையில் இருந்தார். நாஷித் பே ஒரு கையில் மனுவையும் மறு கையில் உத்தரவையும் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார்.

"புகார் கொடுத்ததும் நீங்க, உத்தரவு போட்டதும் நீங்க. உங்க கடையை நீங்களே ஏன் செலெபி இடிச்சீங்க?"

கூடத்தில் சிரிப்பு.  அதற்குள் அதிகாரியின் கண் தேதியில் விழுந்தது. "இது சனிக்கிழமை ஆச்சே. யூதர் சனிக்கிழமை முத்திரை குத்தலாமா?"

சிரிப்பு நின்றது. நானே குத்தினேன் என்றால், ஓய்வுநாளை மீறியவர் என்று எங்கள் எல்லோர் முன்னாலும் ஆகிவிடும். குத்தவில்லை என்றால், அரசாங்க முத்திரையை அடுத்தவர் கையில் விட்டவர். அவருக்கும் ரெஃபெத்துக்கும் சிறை. ரெஃபெத் முகம் வெளுத்தது. வழி சொன்ன ஹாகாம் தாடியை ஆராய்ந்துகொண்டிருந்தார். நான் தரைப் பலகையை எண்ணினேன்.

மெர்காடோ எழுந்து நின்றார். 

"குத்தல பே. எந்தச் சனிக்கிழமையும் நான் குத்தினதில்ல. ஆனா மூணு வருஷமா இந்தச் சபை சனிக்கிழமை மட்டும்தான் கூடுது. என்னை உள்ள வைக்கிறதா இருந்தா வைங்க. மத்த காகிதத்தையும் எடுத்துப் பாத்துடுங்க."

இது சாமர்த்தியம் என்று ஊரில் பிறகு பேசிக்கொண்டார்கள். பயத்தில் உண்மை வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான் என்று மெர்காடோ என்னிடம் சொன்னார்.

நாஷித் பே யோசித்தார். இந்த முத்திரை செல்லாது என்றால் மூன்று வருஷத்து முத்திரைகள் எதுவும் செல்லாது. பாலம் செல்லாது, கைமகாமின் புதுக் குதிரை லாயம் செல்லாது, நாஷித் பேயின் சொந்தத் தம்பி குத்தகைக்கு எடுத்திருந்த ஆற்றோர மாவு மில்லும் செல்லாது. காப்பி கேட்டார். இரண்டு கோப்பை குடித்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். முத்திரை சபையில் இருந்ததால் உறுப்பினரும் இருந்ததாகவே கொள்ள வேண்டும். உத்தரவில் குற்றமில்லை. ஆனால் கூலியாட்கள் கை நீளமானவர்கள். முழத்தைக் கூட்டி அளந்துவிட்டார்கள். ஆகவே கடைக்காரர்கள் இரண்டு முழம் முன்னால் வந்து கட்டிக்கொள்ளலாம், மரம் அரசாங்கக் காட்டிலிருந்து இலவசம். கூலியாட்களைக் கண்டிக்கத் தேடினார்கள், கிடைக்கவில்லை. இனிச் சபை ஞாயிற்றுக்கிழமை கூடும். கிறிஸ்தவ உறுப்பினரான எண்ணெய்ச் செக்கு ஸ்டோய்கோ எச்சில் விழுங்கினார். அவருடைய பாதிரியார் அவருக்கு என்ன வழி சொன்னார் என்று நான் விசாரிக்கவில்லை.

மெர்காடோ அந்த ஞாயிறுதான் வாழ்க்கையில் முதல்முறையாகச் சபையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு காகிதத்தையும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். புரியாத சொல் வந்தால் நிறுத்தி அர்த்தம் கேட்டார். அவருக்குப் பெரும்பாலான சொற்கள் புரியவில்லை. ரெஃபெத்துக்குத் தொண்டை கட்டியது. நான்காவது வாரம் தஹ்சின் எஃபெண்டி பொறுக்க முடியாமல், "உங்களுக்குக் கடைன்னு ஒண்ணு இல்லையா செலெபி?" என்று கேட்டார்.

"பாதி இருக்கு எஃபெண்டி. மிச்ச நேரத்துலதான் இங்க வர்றேன்."

அவரைப் பெரிய வீரனாக்க எனக்கு உத்தேசமில்லை. அவர் இரும்பு வியாபாரிதான், இரும்பு இல்லை. பதினொரு வருஷத்தில் அவர் முத்திரை குத்த மறுத்தது இரண்டே உத்தரவுகளுக்கு. நேராக்கிய கடைத்தெருவுக்குத் தஹ்சின் எஃபெண்டியின் பெயரை வைக்கிற உத்தரவுக்கோ முதல் ஆளாகக் குத்தினார். மறுத்ததில் ஒன்று, தோல் பதனிடும் கொட்டகையை எங்கள் வீடுகளுக்கு மேலே, ஆற்றின் மேல்புறத்துக்கு மாற்றுகிற உத்தரவு; கழிவெல்லாம் எங்கள் தண்ணீரில் வந்திருக்கும். அது நின்றுபோன மறுநாள், நான்கு வருஷமாக அவரோடு பேசாத ஷெமாயா கோன்ஃபினோ இரும்புக் கடைக்கு வந்தான். ஒரு லாடம் வேண்டும் என்றான். அவனிடம் குதிரை கிடையாது, கழுதைகூடக் கிடையாது. மெர்காடோ நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, துணியால் துடைத்து, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.