பிரசாந்தி வெளியில் இருத்திய ஆட்டக்காரன்

சண்டிலிப்பாயில் எந்தப் பந்தாட்டம் நடந்தாலும் கோட்டுக்கு வெளியே முதலுதவிப் பையோடு பிரசாந்தி நிற்பாள். காலையில் சுன்னாகம் சந்தையில் வெங்காயம் விற்பவள். ஒரு ஆட்டத்தில் கால் முறிந்த ஒருவனை நாலு பேர் கைகாலில் பிடித்து இழுத்துப்போனதைக் கண்ட பிறகுதான் முதலுதவி படிக்கப் போனாள்.

போன ஆவணியில் இறுதியாட்டம். சண்டிலிப்பாயோடு மோதக் குருநகரிலிருந்து வந்த அணியில் கொலின்ஸ் என்ற கடற்தொழிலாளி முதல் பாதியிலேயே ஒரு கோல் போட்டிருந்தான். பிறகு உயரே வந்த பந்துக்கு அவனும் உள்ளூர்க்காரன் ஒருவனும் ஒன்றாக எம்பினார்கள். தலைகள் மோதிய சத்தம் பிரசாந்திக்கு நின்ற இடத்திலேயே கேட்டது. மற்றவன் நெற்றியைத் தடவிக்கொண்டு எழும்பினான். கொலின்ஸ் அசையவில்லை.

அவள் ஓடிப்போக, ஆரோ சோடாவோடு முந்தினார்.

"முகத்திலை ஊத்தாதேங்கோ. ஆளைத் தூக்கவும் வேண்டாம்."

முழந்தாளிட்டு, இரண்டு கையாலும் அவன் தலையை அசையாமல் பிடித்தாள். அரை நிமிடத்தில் கண் திறந்தான். கழுத்து நோகவில்லை, கைகால் விறைக்கவில்லை என்றான்.

"எனக்கு ஒண்டுமில்லை அக்கா. விளையாடுறன்."

"அது இருக்கட்டும். இண்டைக்கு உங்கடை பக்கம் கோல் அடிச்சது ஆர்?"

அவன் யோசித்தான். "நாங்கள் இன்னும் அடிக்கேல்லைத்தானே."

"இவர் இனி இறங்கேலாது," என்றாள் பிரசாந்தி நடுவரிடம்.

குருநகர்ப் பயிற்சியாளர் எமில்ராஜ் கோடு தாண்டி வந்தார். "உங்கடை ஊர் வெல்லவேணும் எண்டுதானே தங்கச்சி உந்த வேலை?"

அந்தச் சொல் சுட்டது. பின்னால் அவளுடைய ஊர்க்காரரே சிரித்தது இன்னும் சுட்டது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"அண்ணை, தான் அடிச்ச கோலே அவருக்கு நினைவில்லை. இன்னொருக்கால் தலையிலை பட்டால் உயிருக்கே ஆபத்து. நீங்களே கேட்டுப் பாருங்கோ."

எமில்ராஜ் கேட்டார். அதே பதில். வேறொருவனை இறக்கினார்.

தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் போகையில் கொலின்ஸ் இரண்டு தரம் வயிறு பிரட்டிச் சத்தி எடுத்தான். பிரசாந்தி அவனைச் சரித்துப் பிடித்தபடி, பெயரையும் ஊரையும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே போனாள். சண்டிலிப்பாய் வென்ற செய்தி ஆஸ்பத்திரி வாசலில்தான் வந்தது. அவளுக்குச் சந்தோசப்பட மனம் வரவில்லை. மூளை அதிர்ந்திருக்கிறது, இரத்தக்கசிவு இல்லை என்று டொக்டர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

அடுத்த கிழமை எமில்ராஜ் சந்தைக்கு வந்தார்.

"அண்டைக்கு நான் கதைச்சது பிழை, தங்கச்சி."

"பரவாயில்லை. அவர் கடலுக்குப் போறாரோ?"

"தாய் விடுறா இல்லை."

"டொக்டர் சொல்லுமட்டும் விடவேண்டாம். பந்தும் வேண்டாம்."

எமில்ராஜ் கொஞ்சம் தயங்கினார். "எங்கடை பெடியளுக்கும் உந்த முதலுதவியைக் காட்டித் தருவியளோ?"

"ஓம், ஞாயிற்றுக்கிழமை வாறன்."

அந்த ஞாயிறு குருநகர் மைதானத்துக்கு, தேவாலயப் பூசை முடிந்து இருபது பேர் வந்திருந்தார்கள். பிரசாந்தி எமில்ராஜையே மண்ணில் படுக்கவைத்து, தலையை எப்படிப் பிடிப்பது என்று காட்டத் தொடங்கினாள்.