சீசருக்குத் திறந்த படலை

போன கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு கடதாசியோடு வந்து நின்றாள். தகப்பன் கொழும்பில். அவர்கள் வீட்டு நாய்க்கு வயது போய், பின்னங்கால் இரண்டும் இழுத்துவிட்டன. ஊசி போட்டு வேதனையில்லாமல் அனுப்பிவிடலாம் என்று மிருக வைத்தியர் சொல்லியிருக்கிறாராம். அதற்குப் பெரியவர் யாராவது ஒப்பம் வைக்க வேண்டுமாம். “டீச்சர், ஒரு கையெழுத்துப் போடுவீங்களா? அது படுற பாட்டப் பாக்க ஏலாம இருக்கு” என்றாள். போட்டுக் கொடுத்தேன். அரை நிமிட வேலை. அவள் போன பிறகு யன்னல்களை எல்லாம் திறந்துவிட்டேன். வெக்கை என்று வீட்டில் சொல்லிவைத்தேன்.

அந்தப் பிள்ளையின் உடுப்பில் கற்பூர எண்ணெய் மணத்தது. நாயின் புண்ணுக்குப் பூசியிருப்பாள். அந்த மணம் எனக்கு ஆகவே ஆகாது. மாதா கோயிலில் யாராவது நெஞ்சில் தடவிக்கொண்டு வந்து பக்கத்தில் அமர்ந்தால், பூசை நடுவிலும் எழுந்து வேறு வாங்குக்குப் போய்விடுவேன். பெருமைக்காரி என்று பெயர் எடுத்ததுதான் மிச்சம். ஏன் ஆகாது என்று இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. கலியாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வந்த புதிது. கட்டுக்கலைப் பக்கம் மேட்டில் ஒரு சின்ன வீடு. மழை தொடங்கினால் சப்பாத்துக்குள் பூஞ்சணம் பிடிக்கும். கன்னியர் நடத்திய பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். பொய் சொன்ன பிள்ளையை முழங்காலில் நிற்க வைப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரி அங்கே இல்லை.

என் கணவர் தேயிலை அனுப்பும் கந்தோர் ஒன்றில் வேலை. அதற்கு முன்னர் தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்தவர். அவருடைய நாய் சீசர் அங்கிருந்து அவரோடு வந்தது. வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் மண்நிறம். கலியாணத்துக்கு முந்திய உறவென்று அதை வைத்து நான் அவரைச் சீண்டுவேன். காலையில் தன் ரஸ்க்கைத் தேநீரில் தோய்த்துப் பாதியை அதற்குக் கொடுத்த பிறகுதான் அவர் வாயில் வைப்பார். எனக்கு ஒருநாளும் பாதி கிடைத்ததில்லை.

சீசர் அவரிடம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் சீமைக்குத் திரும்பிப் போகும் துரைமார் சிலரிடம் ஒரு வழக்கம் இருந்தது. சாமான்களை ஏலத்தில் விற்பார்கள், குதிரையை இன்னொரு துரைக்குக் கொடுப்பார்கள், நாய்களைத் தங்கள் கையாலேயே சுட்டுவிடுவார்கள். வேறொருவர் கையில் அவை சீரழியக் கூடாதாம். அவருடைய துரைக்கு மூன்று நாய்கள். இரண்டு வெடி கேட்டதும் இவர் கந்தோரை விட்டு ஓடிப்போய், மூன்றாவதைத் தனக்குத் தரும்படி கெஞ்சியிருக்கிறார். துரை துவக்கை இறக்கிவிட்டு, “கொண்டுபோ, கிளாக்கர். ஆனால் உனக்கு இதை முடிக்கத் தெரியாது” என்றாராம். முதன்முதல் அதைக் கேட்டபோது நான் சிரித்தேன்.

துரையிடமிருந்து தப்பிப் பத்து வருடம் கழித்து, நாங்கள் கண்டிக்கு வந்த புதிதில், சீசரின் தாடையில் ஒரு கட்டி வந்தது. முதலில் பாக்களவு, பிறகு எலுமிச்சங்காயளவு, அப்புறம் உடைந்தது. மழைக்காலம், இலையான் மொய்த்துப் புழு வைத்தது. ஒவ்வொரு பின்னேரமும் இவர் வேலையால் வந்து, கதிரையை வாசலில் போட்டு, நாயை மடியில் கிடத்தி, இடுக்கியால் ஒவ்வொரு புழுவாக எடுத்துவிட்டுக் கற்பூர எண்ணெய் விடுவார். அது கத்தாது. அவருடைய கையை நக்கும். பகல் முழுக்க கட்டிலுக்கடியில் கிடந்து முனகும். அந்த முனகலைக் கேட்டது நான்தான். மூத்தவன் அப்போது வயிற்றில் ஐந்து மாதம், வெளியே தெரியத் தொடங்கியதால் பாடசாலைக்கும் போகவில்லை. அழுகல் மணமும் கற்பூர எண்ணெயும் கலந்து குசினி வரைக்கும் வரும். சோற்றைக் கண்டாலே சத்தி எடுப்பேன்.

“இஞ்சருங்கோ, அது படுற பாட்டைப் பாத்தியளே? துவக்கு வைச்சிருக்கிற ஆரையும் கேட்டு ஒரு முடிவு செய்யுங்கோவன்” என்றேன்.

“ரஸ்க் நக்குதுதானே? தின்னுற சீவனை எப்பிடியப்பா கொல்லுறது? வெடியிலயிருந்து காப்பாத்தின நானே அதைத் திருப்பி வெடிக்குக் குடுக்கிறதோ?”

 மிருக வைத்தியரைக் கூட்டிவரலாம் என்றேன். அந்த வைத்தியர் குதிரைக்கும் மாட்டுக்கும்தான் என்று இவர் தட்டிக்கழித்தார்.

அந்நாளில் கண்டியில் நாய் வளர்ப்பவர்கள் வருடாவருடம் பதிந்து, ஒரு பித்தளைத் தகடு வாங்கிக் கழுத்துப் பட்டியில் கட்ட வேண்டும். தகடில்லாத நாய் ஆருமற்ற நாய். செவ்வாய்க்கிழமை காலைகளில் அப்படியான நாய்களைப் பிடிக்கக் கம்பிவலை அடித்த மாட்டுவண்டி ஒன்று வரும். அதில் ஏறின நாய் திரும்பி வந்ததாக ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனபடியால் ஊரில் பலருக்கும் தெரிந்த, ஒருவரும் வாய்திறந்து சொல்லாத வழி ஒன்று இருந்தது. நாயை முடிக்க வேண்டிய வீட்டுக்காரர் பட்டியைக் கழற்றுவார், படலையைத் திறந்துவிடுவார். புத்தசமயத்தவர்கள், சைவர்கள், எங்களைப் போன்ற வேதக்காரர் எல்லாரும் செய்ததுதான். கையில் இரத்தம் படாது. படலை திறந்து கிடந்தது, அவ்வளவுதானே.

ஒரு செவ்வாய்க்கிழமை இவர் வேலைக்குப் போன கையோடு பட்டியைக் கழற்றினேன். கழுத்தைச் சுற்றி மயிர் தேய்ந்து ஒரு வளையம் தெரிந்தது. பட்டியின் தோலை அடுப்பில் போட்டேன், தகட்டைப் பின்பக்கத்துக் கானில், ஓடுகிற மழைத்தண்ணீருக்குள் எறிந்தேன். ரஸ்க் ஒன்றைத் தேநீரில் தோய்த்து, படலைக்கு வெளியே வைத்தேன். சீசர் மெல்ல மெல்ல வந்து நக்கியது. நான் உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

வண்டி வருவது மற்ற நாய்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். குரைப்பு ஒவ்வொரு வளவாக நிற்கும். அன்றைக்கும் அப்படித்தான் நின்றது. பிறகு வண்டிச் சில்லுச் சத்தம் மேட்டில் ஏறி வந்தது. எங்கள் வீட்டு வாசலில் நின்றது.

“அம்மா! அம்மோவ்!”

நான் இதை எதிர்பார்க்கவில்லை. வண்டிக்காரர் வயதானவர், காக்கிச் சட்டை. வாராவாரம் எங்கள் தெருவால் போகிறவருக்கு எந்த வீட்டில் எந்த நாய் என்று தெரியாமலா இருக்கும்?

“இது ஒங்க வீட்டு நாய்தானுங்களே? கழுத்துல பட்டியக் காணோம். எங்கயாச்சும் விழுந்திருக்கும், தேடிப் பாருங்க. நா செத்த நிக்கிறேன்.”

படலையடியில் நின்றேன். ஓமென்று சொல்லியிருந்தால் அவர் விட்டுவிட்டுப் போயிருப்பார். பின்னேரம் மறுபடி இடுக்கியும் எண்ணெயும்.

“எங்கட நாயில்லை” என்றேன்.

சீசர் என் குரலைக் கேட்டு ரஸ்க்கை விட்டது. வாலை ஆட்டிக்கொண்டு வந்து என் காலடியில் படுத்தது. அவர் நாயைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், தாடைப் புண்ணையும் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். சுருக்குக் கயிற்றோடு இறங்கிய ஆளிடம், “கயிறு வேணாம்டா, நா தூக்கிக்கிறேன்” என்று சொல்லிக் குனிந்து, குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கினார். பிறகு என் முகத்தைப் பாராமல் கேட்டார்:

“பேரு தெரியுங்களாம்மா? கடைசியில பேரச் சொல்லிக் கூப்பிட்டா பயப்படாது.”

எங்களுடையதல்ல என்று சொன்னவளுக்குப் பெயர் எப்படித் தெரியும்? ஒரு பொய்யைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. “தெரியாது” என்றேன். “சரிங்கம்மா” என்றார். வண்டி போய்விட்டது.

அதன் வேதனை தாங்காமல் செய்தேனா, என் மூக்கும் வயிறும் தாங்காமல் செய்தேனா என்று இன்றுவரை பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. இரண்டும்தான். ஆனால் பெயரைச் சொல்லாததற்கு இரண்டுமே காரணமில்லை. அது வெட்கம், வெறும் வெட்கம்.

இவர் வந்ததும் படலை திறந்து கிடந்தது என்றேன். “தகடு கிடக்குத்தானே, ஆரும் தொடமாட்டாங்கள்” என்று குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். மழைக்குள் அவர் கூப்பிடுவது கீழே குளத்துப் பக்கமிருந்து கேட்டது. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் போனார். நாலாம் நாள் நனைந்த சட்டையோடு கதிரையில் இருந்து, நான் அழுவதைக் கண்டு என் தலையைத் தடவினார். “அழாதையப்பா, வயித்துப்பிள்ளையோட. எங்களுக்குக் கஷ்டம் வைக்கக்கூடாதெண்டு தானாப் போயிட்டுது. நல்ல சீவன்.”

அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

அந்தக் கதையை அவர் முப்பது வருடம் சொன்னார். தன் சாவு தெரிந்து வீட்டை விட்டு நடந்துபோன நாயின் கதை. விருந்தாளிகள் கண் கலங்குவார்கள். என் பிள்ளைகள் அதைக் கேட்டே வளர்ந்தார்கள். நான் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

இன்று மாட்டுவண்டிகள் இல்லை. நாய்களைச் சுட்டுவிட்டுக் கப்பலேறும் துரைமாரும் இல்லை. அந்த மேட்டு வீட்டை இடித்து மாடி கட்டிவிட்டார்கள். தன் கடைசி வருடத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இவர் ஒருநாள் என் கையைப் பிடித்து, “சீசரைப்போல ஆருக்கும் கரைச்சலில்லாமல் போகவேணும்” என்றார். சொல்ல வாயெடுத்தேன். நேர்ஸ் வந்துவிட்டாள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். அடுத்த நாள் விடிய அவர் இல்லை.