ஒரே குச்சி லான்ஸ்

பாத்வெல் ஊரில் லான்ஸ் ட்ரிஃபிட்டை ‘ஒரே குச்சி லான்ஸ்’ என்றுதான் சொல்வார்கள். அந்தப் பட்டத்தைத் தனக்குக் கொடுத்துக்கொண்டதும் அவரேதான். அங்கே குளிர் தொடங்கும் ஏப்ரலில், போர்வீரர்களை நினைவுகூரும் அன்சாக் நாள் அணிவகுப்பு முடிந்து வந்ததும், வீட்டைச் சூடாக்கும் இரும்புக் கணப்பை மூட்டுவார். அதற்கு முன்னால் மூட்டுகிறவன் அவர் கணக்கில் ஆம்பிளையே இல்லை. ஒரே தீக்குச்சிதான், அக்டோபர் வரை நெருப்பு அணையாது. அந்த ஒரு குச்சி மட்டும் குறைந்த தீப்பெட்டி குளிர்காலம் முழுக்க அலமாரியில் பதக்கம் மாதிரி உட்கார்ந்திருக்கும். முப்பத்தோரு வருஷப் பெருமை.

ராத்திரி ஒன்பது மணிக்குப் பெரிய கட்டையாகப் பார்த்து உள்ளே தள்ளுவார். காற்று வரும் பிடியை இறுக்கி அடைப்பார்.

“காலைல பாரு, கங்கு ஜம்முனு இருக்கும்!”

“சரி மகராசா, போய்ப் படு” என்பாள் மனைவி நோலீன், பின்னல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இந்த ஜூலையில் தங்கைக்கு முழங்கால் ஆபரேஷன் என்று நோலீன் பர்னி ஊருக்குப் போனாள். மறுநாள் காலை லான்ஸ் எழுந்து வந்தால் வீடு ஜில்லிட்டுக் கிடக்கிறது. கணப்பின் கண்ணாடி தார் பூசியதுபோல் கறுப்பு. உள்ளே பாதி கருகிய கட்டை, மருந்துக்கும் ஒரு கங்கு இல்லை. வெள்ளிக்கிழமை கிளப்பில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு மார்தட்டுவது?

பக்கத்து வீட்டு வெர்ன் வேலிக்கு மேல் தலையை நீட்டினார். “யோவ், நேத்து உன் புகையில எங்க வீடே கருவாடாயிடுச்சு! ஈர விறகா?”

“ரெண்டு வருஷம் காய்ஞ்சதுய்யா!”

“அப்ப கோளாறு விறகுல இல்ல.”

லான்ஸ் நோலீனுக்குப் போன் போட்டார். “அடுப்பு கெட்டுப்போச்சு. ஆளைக் கூப்பிடணும்.”

“அடுப்புக்கு என்ன கேடு? கட்டையைப் போட்ட உடனே காத்தை அடைச்சியா?”

“வழக்கம்போலத்தான்.”

“அட கஷ்டகாலமே! நீ படுத்ததும் நான்தானே பிடியைத் திறந்துவிடுவேன். அரை மணி நேரம் கொழுந்துவிட்டு எரிஞ்சு கட்டை நல்லாப் பத்தணும். அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். எடுத்ததும் அடைச்சா மூச்சு முட்டிப் புகையும். அந்தக் கரி புகைக்குழாய்ல படிஞ்சு ஒருநாள் கூரையே பத்திக்கும்.”

“தினமுமா செஞ்ச?”

“பின்ன, தேவதை வந்து செஞ்சுதா?”

“ஏன் சொல்லல?”

“ரெண்டு தடவை சொன்னேன். அடுப்பைப் பத்தி எனக்கே சொல்றியான்னு கேட்ட. அப்புறம், கிளப்புக்குப் போய்ட்டு நீ சிரிச்சுக்கிட்டே வர்றதைப் பாத்தா சொல்ல மனசு வரல.”

லான்ஸுக்கு முகம் தொங்கிப்போயிற்று. மேஜை இழுப்பறையில் லைட்டர் ஒன்று கிடந்தது. அதில் மூட்டினால் தீப்பெட்டியில் குச்சி குறையாது, ஊருக்கும் தெரியாது. கையில் எடுத்துப் பார்த்தார். சீ என்று வந்தது. குழாயைத் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டு இரண்டாவது குச்சியைக் கிழித்தார்.

வெள்ளிக்கிழமை கிளப்பில் தீப்பெட்டியை எல்லார் முன்னாலும் திறந்து வைத்தார். “ரெண்டு குச்சி போயிடுச்சு. அந்தப் பட்டம் நோலீனோடது. நான் கட்டை தூக்கிப் போட்டவன், அவ்வளவுதான்.” சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை நோலீன் திரும்பி வந்தாள். ஒன்பது மணிக்கு லான்ஸ் கட்டையைப் போட்டார், பிடியைத் தொடாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“படுக்கலையா?”

“நீ போய்ப் படு நோலீன். முப்பத்தோரு வருஷம் தனியா உக்காந்திருந்தது போதும்.”

நோலீன் பின்னல் வேலையை மடியில் வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். பிறகு தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

“உன்னை நம்பிப் படுத்தா காலைல நான்ல நடுங்கணும்?” என்றாள்.