ஆட்டின் வயிற்றில் ஒரு காதுக் கருவி

எதிரே இருப்பவர் புளுகுகிறார் என்று பட்டதும் ஷெத்லியா காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வாள். "பேட்டரி வீணாகுதில்ல?" என்பாள். கறிக்கடைக்காரர் விலை சொல்லத் தொடங்கும்போதே அவள் கை காதுக்குப் போய்விடும்.

துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரத்துக் கல்யாண வீடுகளில், பெண்கள் கூடும் இரவுகளில் தர்புக்கா மத்தளம் கொட்டுவது அவள் தொழில். தாளம் உடம்பிலேயே இருக்கிறது. ஆனால் பாடுகிறவள் எப்போது நிறுத்துகிறாள் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். கருவி இல்லாமல் வாசித்த ஒரு வீட்டில், பாட்டு முடிந்த பிறகும் இவள் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தாள். "அன்னிக்குக் கூட்டமே எனக்காக எழுந்து ஆடிச்சு" என்று அதையும் பெருமையாகத்தான் சொல்வாள்.

பக்ரீத் பெருநாளுக்கென்று வாங்கிய செம்மறிக்கடாவை எங்கள் மொட்டைமாடியில் கட்டியிருந்தாள். குனிந்து புல் போடும்போது பையிலிருந்த கருவி விழ, கடா அதையும் புல்லோடு மென்று விழுங்கிவிட்டது. அடுத்த வாரம் தங்கை மகள் கல்யாணம். புதுக் கருவி வாங்கினால் கோடை முழுக்கக் கொட்டிச் சம்பாதித்த காசு போய்விடும்.

காப்பீட்டு அலுவலகத்துக்கு, பக்கத்து வீட்டுக்காரி நானும் துணைக்குப் போனேன். அங்கே வன்னாஸ் என்ற இளைஞர் சொன்னதையெல்லாம் நான் அவள் காதோரம் கத்த, அலுவலகம் முழுவதும் வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்தது.

"உடைஞ்சா மாத்தித் தருவோம்மா. தொலைஞ்சா கிடையாது. அதான் விதி."

"யாரு தொலைச்சா? எங்க இருக்குன்னு எனக்கு நல்லாத் தெரியும். கடா வயித்துல இருக்கு."

"அப்ப உடைஞ்ச கருவியக் கொண்டுவந்து காட்டணும்மா."

"அவ்வளவுதான?"

மறுநாள் காலை கடாவை இழுத்துக்கொண்டு அதே வாசலில் நின்றாள். காவலாளி மறித்தார். "தள்ளுப்பா! உடைஞ்ச கருவி உள்ள இருக்கு. உறையோட கொண்டுவந்திருக்கேன்!" வரிசையில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சத்தம் கேட்டு வெளியே வந்த மேலாளர் அம்மாள் கடாவையும் ஷெத்லியாவையும் மாறி மாறிப் பார்த்தார். "எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க. அதுல தெரிஞ்சா போதும். ஆடு வர வேணாம்."

கால்நடை மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வயிற்றுக்குள் பளிச்சென்று இரண்டு துண்டுகள்.

"உடைஞ்சிருக்குடி! ரெண்டா உடைஞ்சிருக்கு!" என்று என்னைக் கட்டிக்கொண்டு, அங்கேயே நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். கூண்டுகளிலிருந்த நாய்களெல்லாம் சேர்ந்து குரைத்தன.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு காப்பீட்டுச் செலவிலேயே புதுக் கருவி வந்தது. வன்னாஸையும் அவர் அம்மாவையும் வீடு தேடிப் போய் அழைத்தாள்.

கல்யாண இரவில் வன்னாஸின் அம்மா பெண்கள் பக்கத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். யார் என்ன கேட்டாலும் புன்னகைத்துத் தலையாட்டினார். "எத்தனை பிள்ளைங்க?" என்றதற்கும் அதே தலையாட்டல்தான். ஷெத்லியா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாடகிக்குப் பக்கத்திலிருந்த தன் நாற்காலியை இழுத்துவந்து அவர் அருகே போட்டாள். அவர் உள்ளங்கையை எடுத்து மத்தளத்தின் வயிற்றில் பதித்துக்கொண்டு, கொட்டத் தொடங்கினாள்.